நாலு நாற்று ஊன்றும் நேரம்

1. எட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. எந்த வைரஸ் என்று கடைசிவரை தெரியவில்லை. ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தாள்.
2. வீடு திரும்பிய மூன்றாம் மாதம் நடந்தாள், சாப்பிட்டாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டாள். எல்லோரும் குணமாகிவிட்டது என்றார்கள்.
3. நான்காம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கேட்ட கேள்விக்குப் பொருத்தமாக ஒரு பதிலும் சொல்லவில்லை.
4. நான் போய் இருபது கேள்விகள் கேட்டேன். ஒன்றுக்குக்கூட மதிப்பெண் போட முடியவில்லை.
5. அவளை வீட்டுவழிக் கல்விக்கு மாற்றலாம் என்று அறிக்கை எழுதினேன்.
6. அதில் அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்க நடவு வயலுக்குப் போனேன்.
7. கையெழுத்து வாங்காமல், முழங்கால்வரை சேற்றோடு திரும்பினேன்.

இந்த ஏழில் நான்காவதும் ஐந்தாவதும் என் தவறுகள். ஆறாவது, செய்த தவறை முடித்துவைக்கக் கிளம்பிய பயணம். ஏழாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் முதல் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள என் கிராமங்களை, எனக்குப் பதிலாக வரும் நீங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொள்ளப் போகிறீர்கள். ஒன்பது வருடம் இங்கே பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்த்துவிட்டு நான் வேறு மாவட்டம் போகிறேன். கோப்புகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். எந்தக் குழந்தைக்கு என்ன பயிற்சி, எந்த ஊருக்கு எந்தப் பேருந்து என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மேலே சொன்ன பெண் பிளெஸ்ஸியின் கோப்பில் மட்டும் இரண்டு அறிக்கைகள் இருக்கும். ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டிலும் என் கையெழுத்துதான். குழம்பிவிடாதீர்கள். இதைப் படித்துவிட்டு அதைத் திறங்கள்.

மாகறல் தாண்டி செய்யாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர் அவளுடையது. அம்மா சுகந்தி வயல் வேலைக்குப் போகிறவர். அப்பா செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். நான் அங்கே போன முதல் நாளிலேயே, நான்காம் வகுப்பையும் எடுக்கும் தலைமை ஆசிரியை என்னிடம் சொல்லிவிட்டார்: "நல்ல புள்ள மேடம். ஆனா கேக்கறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு." வகுப்புப் பிள்ளைகள் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்கள்: "மிஸ், பிளெஸ்ஸிக்கு டவர் கெடைக்கல மிஸ்."

அன்று எனக்கு இன்னும் இரண்டு பள்ளிகள் பாக்கி இருந்தன. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் எல்லா நாளும் இரண்டு பள்ளிகள் பாக்கி இருக்கும் என்பதால் சொல்கிறேன். கேள்விக்கு ஐந்து வினாடி, பதில் வராவிட்டால் அடுத்தது. படித்தபடி, பழகியபடி கேட்டுக்கொண்டே போனேன். குழந்தை சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதும் பழக்கம் மட்டும் எனக்கு உண்டு. எழுதியது இதுதான்:

பால் தருவது எது? பதில் இல்லை.
வானத்தில் பறப்பது எது? "மாடு."
எதால் எழுதுவோம்? "காக்கா."
மழை வந்தால் எதைப் பிடிப்போம்? "பென்சில்."
காலில் எதைப் போடுவோம்? "கொடை."

இப்படிப் பத்துப் பன்னிரண்டு போனது. அதற்குப் பிறகு அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்; மிச்ச எட்டையும் கேட்டு முடித்தேன். "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினேன். "இடையிடையே வெறித்த பார்வை" என்றும் எழுதினேன். எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்ததும் சக ஊழியர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "வானத்துல மாடு பறக்குதா, சூப்பர்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மதிப்பெண் போடாமல் விட்டதைவிட அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றும் காது சூடாகிறது.

வீட்டுவழிக் கல்வி என்ற சொல் தாளில் அழகாக இருக்கும். நடைமுறையில் அதற்கு அர்த்தம், வாரத்தில் ஒரு நாள் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் சொல்லித் தருவார் என்பது. மற்ற நேரமெல்லாம் பிள்ளை வீட்டில் இருக்கும். சில பிள்ளைகளுக்கு அது தேவை. அவர்களுக்கு அது நல்லதுதான். பிளெஸ்ஸிக்கோ, கூடப் படிக்கும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். சுகந்தி ஒன்று வேலையை விட வேண்டும், இல்லையென்றால் பிள்ளையைத் தனியே விட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமை பள்ளியில் கூட்டம். அதற்குள் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பதால் சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

வயலில் எட்டுப் பெண்கள் குனிந்து வரிசையாக நட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்து கொண்டிருந்தார்கள். பிளெஸ்ஸி வரப்பில் நாற்றுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் சேற்றை உருட்டி உருட்டி அடுக்கிக் கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், வயலாண்டயே வந்துட்டீங்க? நடறீங்களா?" என்றார் அமுலு. அந்த வரிசையில் மூத்தவரும் வாய் அதிகமானவரும் அவர்தான்.

"சுகந்தியக்காகிட்ட ஒரு கையெழுத்து வேணும்."

சுகந்தி நிமிராமலேயே சொன்னார். "கையெல்லாம் சேறு மேடம். இந்தத் துண்டு முடிச்சிட்டு வரேன். அப்டி குந்துங்க."

உட்கார்ந்தேன். காத்திருக்க வேண்டிய கட்டாயம் வந்ததால்தான் அன்று எனக்குக் கண் திறந்தது.

"ஏ பிளெஸ்ஸி, நேத்து உங்க வூட்ல இன்னாடி கொழம்பு?" என்று கேட்டார் அமுலு.

பிளெஸ்ஸி பதில் சொல்லவில்லை. எனக்கு வாய் துடித்தது. 'சாம்பாரா, காரக்குழம்பா?' என்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். அதுதானே நம் தொழில். ஆனால் அந்தப் பெண்கள் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. ஒரு நாற்று, இன்னொரு நாற்று என்று ஊன்றிக்கொண்டே இருந்தார்கள்.

"கருவாட்டுக் கொழம்பு" என்றாள் பிளெஸ்ஸி.

"அட்றா சக்க. உனக்கு எத்தினி துண்டு, உங்கப்பனுக்கு எத்தினி துண்டு?"

மறுபடி மௌனம். மறுபடி நடவு. பிறகு, "எனுக்கு ரெண்டு. அப்பாவுக்கு நாலு."

"பாத்தியாடி! பெத்த புள்ளிக்கு ரெண்டாம், புருசனுக்கு நாலாம்!"

வயலே சிரித்தது. "லோடு ஏத்தற ஆளுக்கு நாலு துண்டு போதாதுக்கா" என்று சுகந்தியும் சிரித்தார். பிளெஸ்ஸியும் சிரித்தாள். எல்லோரும் சிரித்து முடித்து, நாலு நாற்று நட்ட பிறகு.

நான் வரப்பின் ஓரத்துக்குப் போனேன். "அக்கா, இவ எப்பவும் இப்படித்தான் சொல்வாளா?"

"இப்டின்னா?"

"நேரம் எடுத்து."

"ஆமா. நாலு குத்து நட்டா பதில் வந்துரும். நடுவுல பூந்து வேற ஒண்ணு கேட்டீங்கன்னா கொயம்பிப் பூடும்." ஓரிடத்தில் ஊன்றும் இரண்டு மூன்று நாற்றுகளைத்தான் ஒரு குத்து என்கிறார்கள்.

"இத ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

சுகந்தி அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்க எங்க கேட்டீங்க? தானா சாப்புடுதா, வலிப்பு வருதா, ராத்திரில தூங்குதான்னு கேட்டீங்க. எல்லாத்துக்கும் சொன்னேன். இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். படிச்சவங்க."

இதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அதனால்தான் ஆழமாகத் தைத்தது.

பையிலிருந்து அந்தக் கேள்வித் தாளை எடுத்து வரப்பிலேயே விரித்தேன். பால் தருவது எது என்ற கேள்விக்கு நேரே வெற்றிடம். அதற்கடுத்த கேள்விக்கு நேரே மாடு. வானத்தில் பறப்பது எது என்பதற்கு அடுத்த வரியில் காக்கா. எழுதுவதற்கு அடுத்த வரியில் பென்சில். மழைக்கு அடுத்த வரியில் குடை. பேனாவை எடுத்து ஒவ்வொரு பதிலையும் ஒரு வரி மேலே தள்ளி அம்புக்குறி போட்டேன். அவள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். நான்தான் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி முன்னால் ஓடியிருக்கிறேன். பன்னிரண்டாவதில் அவள் தலையைச் சாய்த்தது ஒத்துழையாமை அல்ல. அவ்வளவு நேரம் என்னைத் துரத்திக் களைத்துவிட்டாள்.

இங்கே நிதானம் தேவை. நீங்களும் இந்த இடத்தில் நிதானியுங்கள். சந்தோஷம் வந்ததும் அதை நம்பிவிடக் கூடாது. என் மனத்தில் இரண்டு சந்தேகங்கள் எழுந்தன. ஒன்று, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளுக்குக் கை கால் வெட்டாமலே சிறிய வலிப்பு வரும். பத்து வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பார்கள். இவளுடைய மௌனம் அதுவாக இருக்குமோ? இரண்டு, ஏற்கெனவே கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்டால் அது பரிசோதனை ஆகாது.

"நான் இவகிட்ட இருபது கேள்வி கேக்கணும்க்கா. இப்பவே."

"கேளுங்க. ஆனா வரப்புல குந்திக்கினு கேட்டீங்கன்னா உங்களால வாய வெச்சிக்கினு இருக்க முடியாது" என்றார் அமுலு. "எறங்குங்க. கைல வேல இருந்தாதான் வாய் சொம்மா இருக்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். முதல் அடியிலேயே முழங்கால்வரை போயிற்று. அமுலு கையில் ஒரு பிடி நாற்றைத் திணித்தார். கேள்விகளை அங்கேயே உண்டாக்கினேன். நாற்றுக்கட்டை எதால் கட்டியிருக்கிறார்கள்? கொக்கு எதற்கு வயலுக்கு வருகிறது? அம்மா புடவை என்ன நிறம்? ஒரு கேள்வி, நாலு குத்து, நிமிர்ந்து பார்ப்பது, பதில். அந்த இடைவெளியில் அவள் கண்களைக் கவனித்தேன். வெறிக்கவில்லை. கொக்கைக் கேட்டால் கொக்கைத் தேடின, புடவையைக் கேட்டால் அம்மாவிடம் போயின. எல்லாவற்றையும்விட, பதில் கேள்விக்கு உரியதாக இருந்தது. வலிப்பாக இருந்தால் கேள்வி காணாமல் போயிருக்கும்.

இருபதில் பதினைந்து சரி. நிறங்களில் தடுமாறினாள். எண்ணச் சொன்னபோது ஏழோடு நின்றாள். காலையில் என்ன செய்தாய் என்று வரிசையாகக் கேட்டதற்கு முதல் காரியத்தோடு சரி. பதினைந்து போதாதா? நான் சேற்றில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

"மேடம், சிரிப்பெல்லாம் அப்பால. நீங்க நட்டது மெதக்குது பாருங்க" என்றார் அமுலு.

உண்மைதான். நான் ஊன்றிய எண்பது குத்தும் எனக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தன. பிளெஸ்ஸி அவற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எதுவும் கேட்காமலே, தானாக, "மேடத்துக்கு நடவே தெர்ல" என்றாள்.

கையெழுத்து வாங்க வந்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பேருந்தில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

கிராமத்தில் நடந்தது சந்தோஷமான பகுதி. திங்கட்கிழமை வேறு மாதிரி. நீங்கள் எழுதிய அறிக்கையை நீங்களே திரும்பப் பெற வேண்டிய நாள் ஒன்று உங்களுக்கும் வரும். கோப்பை எடுத்து, இரண்டாவது அறிக்கையைச் சேர்த்து, முதல் அறிக்கையைச் சத்தமில்லாமல் உருவிவிடலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை யோசித்தேன். பிறகு, உருவிவிட்டால் அம்புக்குறிகளும் போய்விடுமே என்று தோன்றியது. அதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் வேறில்லை.

கூட்டத்தில் தலைமை ஆசிரியை, மேலிருந்து வந்திருந்த அலுவலர், பிளெஸ்ஸி, சுகந்தி, நான். காலை வேளைக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார் சுகந்தி.

அலுவலர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "போன வாரம் ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. இந்த வாரம் தெரியும்ங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"இரண்டாவதை, சார். முதலாவது என் தப்பு. அந்தத் தாளை அம்புக்குறிப்படி படிச்சுப் பாருங்க."

தலைமை ஆசிரியைதான் வாங்கிப் படித்தார். மாட்டில் தொடங்கி மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவர், "அடப் பாவமே, நானும் இதத்தான பண்ணிக்கினு இருந்தேன்" என்றார். ஆனால் அவர் காரியக்காரர். அடுத்த நிமிடமே கேட்டார். "முப்பத்தொன்பது பிள்ளைங்க இருக்கு மேடம். ஒவ்வொரு கேள்விக்கும் நான் பத்து வினாடி சும்மா நின்னா மத்ததெல்லாம் கூரையப் பிச்சிடாதா?"

நியாயமான கேள்வி. வயலில் கையில் நாற்று இருந்தது. வகுப்பறையில் என்ன இருக்கிறது?

சுகந்திதான் பதில் சொன்னார். "எதுக்கு டீச்சர் சும்மா நிக்கணும்? இவளாண்ட ஒண்ணு கேளுங்க. அப்டியே அடுத்த புள்ளியாண்ட போங்க, அதுக்கடுத்த புள்ளியாண்ட போங்க. திரும்பி வாங்க. இது எங்கயும் போவாது, இங்கியேதான் குந்திக்கினு இருக்கும்."

ஒன்பது வருடத்தில் நான் படித்த எந்தப் பயிற்சிக் குறிப்பும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. தலைமை ஆசிரியை அதைத் தன் பாடக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அலுவலர் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பேனாவை மூடி, பிளெஸ்ஸி பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. நீ இங்கயே படிக்கிறியா, இல்ல வீட்டுல இருந்து படிக்கிறியா?"

நான் இரண்டு கைகளையும் நாற்காலிக்கு அடியில் கோத்துக்கொண்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அந்தப் பத்து வினாடி வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். ஐந்தாவது வினாடியில் அலுவலர், "சரி, பரவாயில்ல..." என்று தொடங்கினார். தலைமை ஆசிரியை சட்டென்று கையை உயர்த்தினார், வகுப்பில் பிள்ளைகளை அடக்குவதுபோல. அலுவலர் அடங்கிவிட்டார்.

பிளெஸ்ஸி ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அலுவலரைப் பார்த்தாள்.

"இங்க" என்றாள். பிறகு, அவருக்கு விளங்கவில்லையோ என்று நினைத்தவள்போல, "வூட்ல யாரு கீறாங்க?" என்றாள்.

அலுவலர் முதல் அறிக்கையின் குறுக்கே கோடு போட்டு, ஒரு பருவம் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சுகந்தி எழுந்து, "அப்ப நா போலாங்களா சார்? மதியத்துக்கு மேல களையெடுப்பு கீது" என்றார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன், பதினொன்று வந்தது. எட்டை அடித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான். மருத்துவமனையிலிருந்து பிள்ளை நடந்து வந்தால் எல்லோரும் குணமாகிவிட்டது என்பார்கள். காய்ச்சல் போகும், அது மிதித்துவிட்டுப் போன இடங்கள் பல மாதம் கழித்துப் பள்ளியில்தான் தெரியவரும். வேகம், நினைவு, களைப்பு, கோபம் இவை எந்த ஸ்கேனிலும் நீங்கள் தேடுகிறபடி இருக்காது. ஒரு குழந்தை தாமதிக்கும்போது அது வலிப்பா, யோசனையா என்று பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள், நானும் அனுப்பினேன்; பிளெஸ்ஸியின் தாமதம் வலிப்பல்ல என்று அவரும் சொன்னார். குழந்தை சொன்னதை அப்படியே எழுதுங்கள், அபத்தமாகத் தோன்றினாலும். நான் 'தவறான பதில்' என்று மட்டும் எழுதியிருந்தால் அம்புக்குறி போட எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொன்று. நம் படிவத்தில் பெற்றோருக்கான கேள்விகளின் கடைசியில் ஒரு வரியை நானே கையால் சேர்த்திருக்கிறேன்: 'இந்தப் பிள்ளையோடு நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்?' அச்சடித்த படிவத்தில் அது இருக்காது. நீங்களும் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலை இது. பிளெஸ்ஸி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். தினம் இரண்டு வேளை வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள். போன வருடம் ஒருமுறை வலிப்பு வந்தது. இடது கையால் எழுதுகிறாள். தமிழ் படிக்கிறாள், கணக்கில் திணறுகிறாள், மதியம் இரண்டு மணிக்கு மேல் யார் பேசினாலும் எரிந்து விழுகிறாள். ஆசிரியைகள் அப்போது அரை மணி நேரம் தூங்க விடுகிறார்கள். பதில் சொல்ல இன்னமும் பத்து வினாடி ஆகிறது. மருத்துவர் இது குறையலாம், குறையாமலும் போகலாம் என்கிறார். பதில்கள் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன.